சாணக் குட்டை மீத்தேனைக் கண்காணிக்கும் சேவை: ஓராண்டுப் பயன்பாட்டுக்குப் பின் ஒரு மதிப்புரை

கலிஃபோர்னியாவின் சான் வாக்கீன் பள்ளத்தாக்கில், டுலேரி கவுண்டியில் உள்ள ஒரு கறவை மாட்டுப் பண்ணையின் சாண எரிவாயு அமைப்பைப் பார்த்துக்கொள்வது என் வேலை. தொழுவத்தில் விழும் சாணத்தை நாளுக்குப் பலமுறை தண்ணீர் பாய்ச்சிக் கழுவி ஒரு பெரிய குட்டைக்கு அனுப்புகிறார்கள். அந்தக் குட்டையின் மேல் கரையிலிருந்து கரைவரை தடித்த பிளாஸ்டிக் விரிப்பைப் போர்த்தி, அதனடியில் சேரும் வாயுவைக் குழாய் வழியே இழுத்து, மூடிய ஃபிளேர் (வாயுவை எரித்துத் தீர்க்கும் கருவி) ஒன்றில் எரிக்கிறோம். மீத்தேன் புவியைச் சூடாக்கும் வாயு என்பதால், இப்படி அழிக்கப்படும் மீத்தேனுக்குக் கார்பன் கிரெடிட் என்ற விற்கத்தக்க சான்று கிடைக்கிறது. அதற்கு வேண்டிய அளவீடு, பதிவு, அறிக்கை ஆகிய அனைத்தையும் ஒரே ஒப்பந்தத்தில் செய்துதருவதாகச் சொன்ன ஒரு நிறுவனத்தின் சேவையை ஓராண்டு முழுவதும் பயன்படுத்திய பிறகு இதை எழுதுகிறேன். நிறுவனத்தின் பெயரையும் கட்டணத்தையும் குறிப்பிடவில்லை. ஒப்பந்தத்திலுள்ள ரகசியக் கட்டுப்பாடு ஒரு காரணம். இங்கே நான் சொல்லும் குறைகளை வேறு நிறுவனத்திடம் இதே சேவையை வாங்குபவரும் சோதித்துப் பார்க்க வேண்டும் என்பது மற்றொரு காரணம்.

ஒப்பந்தப்படி எங்களுக்கு வந்தவை இவை: வாயுவின் ஓட்டத்தை அளக்க வெப்பவழி இயங்கும் ஒரு ஃப்ளோ மீட்டர், ஃபிளேரின் வெப்பநிலையைக் காட்ட ஒரு தெர்மோகப்பிள், இரண்டையும் பதிவுசெய்யும் டேட்டா லாகர், அந்தப் பதிவுகளைக் கைபேசியிலும் கணினியிலும் காட்டும் இணையப் பலகை, மூன்று மாதத்துக்கு ஒருமுறை கையடக்கக் கருவியுடன் வந்து மீத்தேன் விழுக்காட்டை அளந்து செல்லும் ஒரு பணியாளர், ஆண்டு முடிவில் கிரெடிட் கணக்கைச் சோதிக்கும் சரிபார்ப்பாளரிடம் கொடுப்பதற்கான கோப்பு.

சேவையை மதிப்பிடுவதற்கு முன் அது எந்த விதிகளுக்காக விற்கப்படுகிறது என்பதைச் சொல்லியாக வேண்டும். எங்கள் திட்டம் கிளைமேட் ஆக்‌ஷன் ரிசர்வ் என்ற கார்பன் கிரெடிட் பதிவகத்தின் கால்நடைத் திட்ட நெறிமுறையைப் பின்பற்றுகிறது. அதன் முதல் வடிவம் 2007 இல் வந்தது. கலிஃபோர்னியா காற்றுவள வாரியம் 2011 இல் தனது கட்டாயச் சந்தைக்கு ஏற்றுக்கொண்ட நெறிமுறையும் அதை அடியொற்றியதே. வாயுவின் ஓட்டத்தை இடைவிடாமல் அளந்து 15 நிமிடத்துக்கு ஒருமுறை பதிய வேண்டும், அல்லது மொத்த அளவை நாளுக்கு ஒருமுறையாவது எழுதி வைக்க வேண்டும். மீத்தேன் விழுக்காட்டைக் காலாண்டுக்கு ஒருமுறையாவது அளக்க வேண்டும். ஃபிளேர் எரிகிறதா என்பதை மணிக்கு ஒருமுறையாவது பதிய வேண்டும். இந்த மூன்றில் மூன்றாவதைப் படிக்கும்போது எல்லோரும் எளிதாகத் தாண்டிப் போய்விடுகிறார்கள். நானும் தாண்டிப் போனவன்தான்.

முதலில் ஃப்ளோ மீட்டர். இதில் எனக்குப் பெரிய குறை இல்லை. குட்டை விரிப்பின் கீழிருந்து வரும் வாயுவுக்கு அழுத்தம் மிகக் குறைவு. அத்தகைய ஓட்டத்தையும் இந்தக் கருவி தடுமாறாமல் படித்தது. வெப்பநிலைக்கும் அழுத்தத்துக்கும் தனித்தனியே திருத்தம் செய்யும் வேலை இல்லாமல், 60 பாரன்ஹீட், ஒரு வளிமண்டல அழுத்தம் என்ற திட்ட நிலைக்கு மாற்றிய அளவை நேரடியாகத் தருவது இந்த வகையின் பெரிய வசதி. ஆனால் சூடான ஊசியிலிருந்து வாயு எடுத்துச் செல்லும் வெப்பத்தைக் கொண்டே இது அளப்பதால், வாயுக் கலவை மாறினால் அளவும் மாறும். தொழிற்சாலையில் 60 விழுக்காடு மீத்தேனுக்கு அமைத்து அனுப்பிய கருவியின் வழியே 66 விழுக்காடு மீத்தேன் போனால் பிழை நுழையும். எந்தக் கலவைக்கு அமைத்தார்கள் என்று கேட்டபோது உடனே பதில் வந்தது, சான்றிதழும் இணைத்திருந்தார்கள். இந்தக் கேள்விக்குத் தயங்கும் விற்பனையாளரிடம் வாங்காதீர்கள்.

ஈரம் வேறு விதமான தொல்லை. குளிர்காலத்தில் இந்தப் பள்ளத்தாக்கில் நாட்கணக்கில் மூடுபனி படிந்திருக்கும். குட்டையிலிருந்து நீராவியோடு வரும் வாயு குழாயில் குளிர்ந்து, துளித் துளியாக ஊசியின் மேல் படிந்துவிடும். அப்போது மீட்டர் திடீரென்று பெரிய ஓட்டம் போவதாகக் காட்டும், ஏனெனில் வாயுவைவிட நீர் வெப்பத்தை வேகமாக உறிஞ்சுகிறது. நீர் வடியும் பொறியை மீட்டருக்கு முன்னால், குழாயின் தாழ்வான இடத்தில் வைத்திருக்க வேண்டும். நிறுவனம் முதலில் மீட்டருக்குப் பின்னால் வைத்திருந்தது. டிசம்பரில் இரண்டு வாரம் முள் போன்ற உச்சங்களைப் பார்த்துவிட்டு நாங்கள் புகார் சொன்னதும் மாற்றிக் கொடுத்தார்கள், கூடுதல் கட்டணம் வாங்கவில்லை. அந்த உச்சங்களைக் கணக்கிலிருந்து நீக்கியதும் அவர்களே. அவை இருந்திருந்தால் கிரெடிட் கூடும் என்பதால், இது அவர்களின் நேர்மைக்கு ஒரு சான்று என்றே எடுத்துக்கொள்கிறேன்.

மீத்தேன் விழுக்காட்டை அளக்கும் வேலையில் ஒரு நுட்பம் உண்டு, அதை இந்தச் சேவையின் பணியாளர் அறிந்திருந்தது எனக்கு மகிழ்ச்சியளித்தது. கையடக்கக் கருவி மாதிரியை உறிஞ்சும்போது ஈரத்தை வடித்துவிட்டுத்தான் அகச்சிவப்புக் கதிரில் படிக்கிறது. ஃப்ளோ மீட்டரோ ஈரத்தோடு கூடிய வாயுவை அளக்கிறது. 35 பாகை செல்சியசில் நீராவி நிறைந்த வாயுவில் கன அளவில் ஐந்தரை விழுக்காடு நீராவியே இருக்கும். உலர்ந்த விழுக்காட்டை ஈரமான ஓட்டத்தோடு பெருக்கினால், இல்லாத மீத்தேனுக்கு அந்த அளவு கிரெடிட் கேட்டதாகிவிடும். அவர் ஒவ்வொரு முறையும் வாயுவின் வெப்பநிலையைக் குறித்துக்கொண்டு, இரண்டையும் ஒரே அடிப்படைக்குக் கொண்டுவந்த பிறகே எண்ணை எழுதினார். அளப்பதற்கு முன்பும் பின்பும் சான்றிடப்பட்ட கலவை வாயுவைக் கருவிக்குள் செலுத்திச் சோதித்து, அந்த உருளையின் காலாவதித் தேதியையும் படம் எடுத்து வைத்தார். இந்த ஒரு பகுதிக்கு நான் முழு மதிப்பெண் தருவேன்.

இனி தெர்மோகப்பிள். மொத்தத் தொகுப்பிலும் விலை மிகக் குறைந்த பொருள் இதுவே. விற்பனைக் கையேட்டில் இதற்கு அரை வரி ஒதுக்கியிருந்தார்கள். ஆனால் நெறிமுறையின் கண்ணில் இதற்கு ஈடு எதுவும் கிடையாது. ஓட்டத்தின் பதிவோ மீத்தேன் விழுக்காட்டின் பதிவோ விட்டுப்போனால் அதை நிரப்ப வழி இருக்கிறது: 6 மணி நேரத்துக்குள் என்றால் முன்னும் பின்னும் உள்ள நான்கு மணி நேரச் சராசரி, 24 மணி நேரம்வரை என்றால் முன்னும் பின்னும் ஒவ்வொரு நாளின் தரவிலிருந்து 90 விழுக்காட்டு நம்பக எல்லை (உண்மை அளவு இருக்கக்கூடியதாகப் புள்ளியியல் காட்டும் வரம்பு), ஒரு வாரம்வரை என்றால் மும்மூன்று நாள் தரவிலிருந்து 95 விழுக்காட்டு எல்லை, மேல் எல்லை, கீழ் எல்லை இரண்டில் எது கிரெடிட்டைக் குறைக்குமோ அதையே எடுக்க வேண்டும். ஒரு வாரத்தைத் தாண்டினால் ஒன்றும் கிடையாது. ஃபிளேர் எரிந்ததைக் காட்டும் பதிவுக்கு இந்தச் சலுகைகளில் எதுவுமே பொருந்தாது. அந்தப் பதிவு இல்லாத நேரத்தில் ஃபிளேருக்குப் போன வாயு முழுவதும் எரியாமல் காற்றில் கலந்ததாகவே எடுத்துக்கொள்ளப்படும். அழிப்புத் திறன் அந்த மணிகளுக்குச் சுழியம்.

இது கடுமையான விதி என்று தோன்றலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. மூடிய ஃபிளேரில் பட்டப்பகலில் சுவாலை கண்ணுக்குத் தெரியாது, பற்றவைக்கும் சிறு சுடரான பைலட் அணைந்துபோனாலும் ஊதி தொடர்ந்து வாயுவைத் தள்ளிக்கொண்டே இருக்கக்கூடும். மீட்டரைப் பொறுத்தவரை எரிகிற வாயுவும் எரியாமல் வெளியேறுகிற வாயுவும் ஒரே ஓட்டம்தான். ஊரில் சாண எரிவாயு அடுப்பைப் பற்றவைத்தால் நீலச் சுவாலையைப் பார்த்தே நம்பிவிடலாம். இங்கே நம்புவதற்குச் சுடுகின்ற ஒரு கம்பி முனையை விட்டால் வேறு ஆதாரம் இல்லை. ஐக்கிய நாடுகளின் கார்பன் கிரெடிட் திட்டமான தூய்மை மேம்பாட்டு வழிமுறையின் பழைய ஃபிளேர் விதி இன்னும் கடுமையாக இருந்தது. மூடிய ஃபிளேரின் வெப்பம் ஒரு மணி நேரத்தில் 20 நிமிடத்துக்கு மேல் 500 பாகை செல்சியசுக்குக் கீழே இருந்தால் அந்த மணி முழுவதற்கும் சுழியம். எல்லாம் ஒழுங்காக இருந்தாலும் கிடைப்பது 90 விழுக்காடு மட்டும். திறந்த ஃபிளேருக்கு அதிலும் குறைந்து 50 விழுக்காடு. எங்கள் நெறிமுறை மூடிய ஃபிளேருக்கு 99.5, திறந்த ஃபிளேருக்கு 96 என்று தாராளமாகவே கொடுக்கிறது. அந்தத் தாராளத்துக்கு ஈடாகத் தெர்மோகப்பிளின் பதிவைக் கேட்கிறது.

எங்களுக்கு நேர்ந்தது இதுதான். ஆகஸ்டில் ஒரு சனிக்கிழமை பிற்பகல் தெர்மோகப்பிள் எரிந்து அறுந்தது. ஃபிளேருக்குள் அது ஓயாமல் வேகுகிறது, சாண வாயுவிலுள்ள ஹைட்ரஜன் சல்பைடு எரிந்து வரும் கந்தகப் புகை அதன் உறையை அரிக்கிறது, அறுந்ததில் வியப்பில்லை. வியப்பு அதன் பிறகுதான். தெர்மோகப்பிள் அறுந்தால் அதோடு இணைந்த மின்கருவி அளவின் உச்சத்தைக் காட்டும்படி அமைப்பது தொழிற்சாலைகளில் பரவலான வழக்கம். உலையை அளவுக்கு மீறிச் சூடேற்றிவிடாமல் காக்கும் ஏற்பாடு அது. எங்கள் டேட்டா லாகரும் அப்படியே அமைக்கப்பட்டிருந்தது. விளைவாக, கே வகைத் தெர்மோகப்பிளின் உச்சமான 1,372 பாகையை அது மணிக்கணக்கில் அசையாமல் பதிந்தது. எச்சரிக்கை மின்னஞ்சலோ வெப்பம் குறைந்தால் மட்டும் வரும்படி எழுதப்பட்டிருந்தது. இணையப் பலகையில் ஃபிளேருக்கு எதிரே பச்சை விளக்கு. செத்துப்போன கருவி, ஆண்டிலேயே மிகச் சிறப்பாக எரிந்த நாளாக அந்த ஞாயிற்றுக்கிழமையைக் காட்டிக்கொண்டிருந்தது. திங்கட்கிழமை காலை நானே ஃபிளேர் அருகே போய் நின்றபோதுதான் எண் நகரவில்லை என்பதைக் கவனித்தேன். மாற்றுக் கருவி பொருத்தப்படும்வரை போனது 41 மணி நேரம்.

ஃபிளேர் அந்த நேரம் முழுவதும் எரிந்ததில் எனக்கு ஐயமில்லை. ஆனால் நீட்டிக் காட்ட ஒன்றும் இல்லை, சரிபார்ப்பாளர் அந்த 41 மணியையும் சுழியமாக்கினார். இழப்பின் அளவைப் புரிந்துகொள்ள ஒரு எடுத்துக்காட்டுப் பண்ணையைக் கொள்வோம். நாளுக்கு 1,000 கன மீட்டர் வாயு, அதில் 60 விழுக்காடு மீத்தேன் என்றால், மீத்தேனின் எடை ஏறத்தாழ 407 கிலோ. அதில் 99.5 விழுக்காடு அழிந்து, காலநிலை மாற்றத்துக்கான பன்னாட்டுக் குழுவான ஐபிசிசியின் ஐந்தாம் அறிக்கை தரும் 28 என்ற புவி வெப்பமாக்கல் மதிப்பால் பெருக்கினால் நாளுக்குச் சுமார் 11.3 டன் கார்பன் டை ஆக்சைடுக்குச் சமம். 41 மணி நேரத்துக்கு 19 டன்னுக்குச் சற்று மேல். சில டாலர் பெறும் ஒரு கம்பியால் போனது அது.

நிறுவனத்தை இதில் எவ்வளவு குறை சொல்வது? கருவி அறுந்தது அவர்கள் பிழையன்று. உச்சத்தைக் காட்டும் அமைப்பை மாற்றாமல் விட்டதும், அசையாத எண்ணுக்கு எச்சரிக்கை எழுதாததும் அவர்கள் பிழைதான். கார்பன் கிரெடிட்டுக்கென்றே விற்கப்படும் ஒரு சேவையில் கருவி அறுந்தால் எண் அடிமட்டத்துக்கு விழ வேண்டும், ஏனெனில் இங்கே அஞ்ச வேண்டியது அதிகச் சூடு அல்ல, சூடு இல்லாமற்போவது. புகார் கொடுத்தபோது முதலில் வந்த பதில், "நெறிமுறையில் விட்டுப்போன தரவை நிரப்ப வழி இருக்கிறதே" என்பது. அந்த வழி இதற்குப் பொருந்தாது என்று அவர்களுக்கே நான் எடுத்துக்காட்ட வேண்டியிருந்தது. அதன் பிறகு வருத்தம் தெரிவித்தார்கள், அமைப்பையும் மாற்றினார்கள். இழந்த டன்களுக்கு ஒப்பந்தத்தில் ஈடு இல்லை. கையெழுத்திடும் முன் நான் கேட்டிருக்க வேண்டும்.

இணையப் பலகையைப் பற்றி இன்னும் இரண்டு குறைகள். பதிவில் இடைவெளி விழுந்தால் அது முன்புள்ளியையும் பின்புள்ளியையும் ஒரு கோட்டால் இணைத்து வரைந்துவிடுகிறது. பார்ப்பவருக்கு இடைவெளி இருந்ததே தெரியாது. பதிவேட்டை அப்படியே இறக்கிப் பார்த்தால்தான் வெற்றிடம் கண்ணில் படும். அழகுக்காகச் செய்த இந்த வேலை, கண்காணிப்புக்கு நேர் எதிரானது.

இரண்டாவது குறை பெரியது. பலகையின் உச்சியில் "இதுவரை ஈட்டிய கிரெடிட்" என்று ஒரு எண் ஓடிக்கொண்டே இருக்கிறது. அது மீட்டர் அளவை மட்டும் வைத்துப் போட்ட கணக்கு. நெறிமுறை அப்படிக் கொடுப்பதில்லை. விரிப்பு இல்லாமல் இருந்திருந்தால் இந்தக் குட்டை எவ்வளவு மீத்தேன் விட்டிருக்கும் என்பதை மாட்டு எண்ணிக்கை, சாணத்தின் மட்கும் பொருள், மாத வெப்பநிலை ஆகியவற்றிலிருந்து தனியே கணக்கிட வேண்டும். அதிலிருந்து கிடைக்கும் குறைப்பையும் மீட்டர் காட்டும் அழிப்பையும் ஒப்பிட்டு, எது குறைவோ அதற்கே கிரெடிட். விரிப்பு போட்டதனால் கூடுதலாக உண்டான வாயுவுக்கும் கிரெடிட் கேட்டுவிடக் கூடாது என்பதற்கான ஏற்பாடு இது, நியாயமானதே. இந்தக் கணக்கில் வெப்பநிலையின் கை மிகவும் ஓங்கியிருக்கும். வெப்பநிலையோடு வினையின் வேகம் எப்படி மாறும் என்று சொல்லும் அர்ரீனியஸ் சமன்பாட்டின்படி, மாதச் சராசரி 28 பாகையாக இருக்கும்போது மட்கும் பொருளில் ஏறக்குறைய 85 விழுக்காடு கணக்கில் சேரும். 10 பாகையாகும்போது 17 விழுக்காடுதான். குளிர்காலத்துக் குட்டையும் கோடைக் குட்டையும் ஐந்து மடங்கு வேறுபடுகின்றன. எங்கள் பண்ணையில் ஆண்டு முடிவில் குறைவாக வந்தது இந்த மாதிரிக் கணக்குத்தான், மீட்டர் அளவு அன்று. பண்ணை உரிமையாளர் பலகையின் எண்ணை நம்பி ஒரு புதிய பம்புக்கு முன்பணம் கொடுத்திருந்தார். அசோர்ஸ் தீவிலிருந்து வந்த போர்த்துகீசியக் குடும்பத்தின் மூன்றாம் தலைமுறை அவர். பால் விலையின் ஏற்ற இறக்கத்தை நிதானமாகத் தாங்குகிற மனிதர், அந்த எண் சுருங்கியதை மட்டும் எளிதில் தாங்கவில்லை. மாட்டு எண்ணிக்கையைக் கறவை, வற்றுக்காலம், கிடாரி என்று வகைவாரியாக மாதந்தோறும் எங்களிடம் கேட்டு வாங்கும் ஏற்பாடே இந்தச் சேவையில் இல்லை. நாங்கள் பண்ணை மென்பொருளிலிருந்து எடுத்துச் சேர்த்தோம்.

நேரக் கணக்கில் ஒரு சிறு சங்கதி. மார்ச்சிலும் நவம்பரிலும் கடிகாரத்தை மாற்றும் நாடு இது. டேட்டா லாகரும் கூடவே மாறினால் ஒரு நாள் ஒரு மணி காணாமல் போகும், இன்னொரு நாள் ஒரு மணி இருமுறை வரும். இந்த லாகர் ஆண்டு முழுவதும் ஒரே நேரத்தில் ஓடியது. யாரோ அனுபவப்பட்டவர் அமைத்திருக்கிறார்.

ஆண்டு முடிவுச் சோதனையும் நன்றாகவே நடந்தது. அறிக்கைக் காலத்தின் இறுதியையொட்டிய இரண்டு மாதத்துக்குள் வெளியாள் ஒருவர் வந்து, மீட்டர் 5 விழுக்காட்டு வரம்புக்குள் படிக்கிறதா என்று பார்க்க வேண்டும். வந்தவர் துணியோடு ஊசியை நெருங்கியபோது நான் பதறிப்போனேன், ஏனெனில் துடைப்பதற்கு முன் இருந்த நிலையிலேயே முதல் அளவை எடுக்க வேண்டும், துடைத்த பின் மறுபடியும் எடுக்க வேண்டும். முதல் அளவு இல்லாவிட்டால் ஆண்டு முழுவதும் கருவி எப்படிப் படித்தது என்பதற்குச் சாட்சி போய்விடும். அவர் துடைக்க வந்தது மீட்டரின் முகப்புக் கண்ணாடியை மட்டும். ஓட்டத்தின் வேகத்தை அழுத்தத்தால் அளக்கும் பீட்டோ குழாயை வைத்து ஒப்பிட்டு, இரு நிலைகளையும் எழுதி, கையெழுத்திட்டுத் தந்தார். மீட்டர் வரம்புக்குள் இருந்தது. வரம்பை மீறி அதிகமாகப் படித்திருந்தால் முந்தைய சோதனைவரை பின்னோக்கிப் போய் எல்லாத் தரவையும் குறைக்க வேண்டியிருந்திருக்கும். குறைவாகப் படித்திருந்தால் கூட்டிக் கேட்க அனுமதி இல்லை.

சரிபார்ப்புக் கோப்பு ஒழுங்காக இருந்தது. காலாண்டுச் சுத்திகரிப்புக் குறிப்புகள், சான்றிதழ்கள், படங்கள் எல்லாம் தேதி வரிசையில் அடுக்கப்பட்டிருந்ததால் சரிபார்ப்பாளர் பண்ணைக்கு வந்த அன்று அவர் கேட்ட எதையும் தேடிக்கொண்டிருக்க நேரவில்லை. இந்த வேலையை நாங்களே செய்திருந்தால் ஒரு ஆள் பாதி நேரம் இதற்கே போயிருப்பார். சேவைக்குக் கொடுத்த பணத்தில் பெரும்பங்கு இதற்குத்தான் என்று எண்ணிக்கொள்கிறேன்.

யாருக்கு இது பொருந்தும்? கலிஃபோர்னியாவின் பெரிய பண்ணைகளில் பல, வாயுவைச் சுத்திகரித்துக் குழாயில் செலுத்தி வாகன எரிபொருளாக விற்கும் வழிக்குப் போய்விட்டன. கால்நடைச் சாண மீத்தேனை 2030க்குள் 2013 ஆம் ஆண்டு அளவிலிருந்து 40 விழுக்காடுவரை குறைக்க வேண்டும் என்று 2016 இல் மாநிலம் இயற்றிய சட்டமும், எரிபொருள் கிரெடிட்டின் கூடிய வருமானமும் அந்தப் பக்கம் இழுத்தன. அங்கே தேவைப்படும் கண்காணிப்பு வேறு, அதற்கு இந்தத் தொகுப்பு போதாது. குழாய் வழி எட்டாத தொலைவிலோ, அவ்வளவு முதலீட்டுக்கு மாடு போதாமலோ ஃபிளேரோடு நின்றுவிட்ட பண்ணைக்கு இது ஏற்றது. கருவி நுட்பம் தெரிந்த ஒருவர் பண்ணையிலேயே இருந்தால் மீட்டரையும் லாகரையும் தனியே வாங்கிவிட்டு, காலாண்டு அளவீட்டையும் கோப்பு வேலையையும் மட்டும் ஒப்பந்தம் செய்துகொள்வது மலிவாக முடியும்.

நாங்கள் இன்னும் ஓராண்டுக்கு ஒப்பந்தத்தை நீட்டித்திருக்கிறோம், மூன்று திருத்தங்களோடு. ஃபிளேரில் இரண்டாவது தெர்மோகப்பிள் ஒன்று தனிக் கம்பியில் லாகருக்குப் போகிறது. எந்த எண்ணும் ஒரு மணி நேரம் அசையாமல் நின்றால் எனக்குக் குறுஞ்செய்தி வருகிறது. பலகையின் உச்சியில் ஓடிய அந்தக் கிரெடிட் எண்ணை உரிமையாளரின் கணக்கிலிருந்து எடுத்துவிடச் சொன்னோம், எடுத்துவிட்டார்கள். முதல் இரண்டும் வேலை செய்கின்றனவா என்று பார்க்கப் போன வாரம் ஒரு தெர்மோகப்பிளை நானே கழற்றி வைத்தேன். 62 நிமிடத்தில் கைபேசி ஒலித்தது.